அன்றாடத்தில் புனிதம்: பசி, மரம், பறவை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இயற்கையைக் கூர்ந்து பார்ப்பதும் பிற உயிரின் துன்பத்தைக் கண்டுகொள்வதும் ஒரே பழக்கத்தின் இரு முகங்கள் என்ற எண்ணத்தில் இந்தப் பக்கம் எழுதப்பட்டிருக்கிறது. வள்ளலார் என்று அழைக்கப்படும் வடலூர் இராமலிங்க அடிகளின் ஜீவகாருண்ய நெறியும், தமிழ்நாட்டின் சில ஊர்கள் தம் மரங்களையும் பறவைகளையும் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் முறையும் விடைகளுக்கு அடிப்படையாக எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. மூச்சுப் பயிற்சிகளையும் தியான வகுப்புகளையும் தேடி வந்தவர்களுக்கு இதில் அதிகம் கிடைக்காது.

அன்றாட வாழ்வில் புனிதத்தைக் காண்பது என்று எதைச் சொல்கிறீர்கள்?

மலையுச்சியில் நின்று சூரியன் உதிப்பதைப் பார்க்கும்போது மெய்சிலிர்ப்பது பலருக்கும் வாய்க்கும் அனுபவம்தான். அதைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் பேருந்தைப் பிடிக்க இறங்கி வருவதற்குள் அது பெரும்பாலும் கரைந்துபோகிறது. இங்கே பேசப்படுவது அதைவிட எளிமையானது, அதைவிட நாள்பட நிற்கக்கூடியது. ஒருவர் எதைப் புனிதமாகக் கருதுகிறார் என்பதை அவர் வாய்ச்சொல்லை வைத்து முடிவுசெய்ய முடியாது. தம் வசதிக்காகச் செய்யக்கூடிய எதை அதன் முன்னால் செய்யாமல் விடுகிறார், தம் பங்கிலிருந்து எதை எடுத்து அதற்குத் தருகிறார் என்பதை வைத்தே அறிய முடியும். காட்டுக்குள் நுழையுமுன் செருப்பைக் கழற்றுவதும், கிளையை ஒடிக்காமல் திரும்பி வருவதும், முதல் பிடிச் சோற்றைக் காக்கைக்கு வைப்பதும், வாசலுக்கு வந்தவரைப் பசியோடு அனுப்பாமல் இருப்பதும் இவ்வகையில் சேரும். இவற்றை வழக்கம் என்பதற்காக மட்டும் செய்வதற்கும் கவனத்தோடு செய்வதற்கும் இடையே இருக்கும் தொலைவைப் பற்றியே கீழே வரும் விடைகள் பெரும்பாலும் பேசுகின்றன.

இந்தப் பேச்சின் நடுவில் வள்ளலாரை ஏன் வைக்கிறீர்கள்?

வாடிய பயிரைக் கண்டு தாமும் வாடியதாகப் பாடியவர் என்ற அளவில் அவரை எல்லோருக்கும் தெரியும். அவர் செய்த காரியங்களின் வரிசையை அவ்வளவாக யாரும் கவனிப்பதில்லை. 1823-இல் சிதம்பரத்துக்கு அருகிலுள்ள மருதூரில் பிறந்து, சென்னையில் வளர்ந்து, பின்னர் வடலூர்ப் பக்கம் வந்து தங்கிய அவர், 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். சென்னை மாகாணத்தின் பல பகுதிகளை 1866-ஆம் ஆண்டின் பஞ்சம் வாட்டி முடித்திருந்த நேரம் அது. சாதி, சமயம், ஊர், பேர் எதையும் கேட்காமல் வந்தவர்க்கெல்லாம் சோறு போடுவது என்ற ஏற்பாட்டில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிந்துகொண்டிருக்கிறது. அதை அணையா அடுப்பு என்றே மக்கள் அழைக்கிறார்கள்.

வழிபாட்டுக்கான சத்திய ஞானசபை அதன்பிறகுதான் எழுந்தது. 1872 ஜனவரி 25, தைப்பூச நாளில் அங்கே முதல் வழிபாடு நடந்தது. உருவச் சிலை இல்லாத அந்தச் சபையில் ஏழு திரைகளை ஒன்றன்பின் ஒன்றாக விலக்கி ஒரு சோதியைக் காட்டுகிறார்கள். தருமச்சாலைக்கும் ஞானசபைக்கும் இடையே ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள். சமையலறையை முதலில் கட்டி, கோயிலைப் பிறகு கட்டிய அந்த வரிசை தற்செயலானதாக எனக்குத் தோன்றவில்லை. அவருடைய நெறியின் சாரமே அதில் இருக்கிறது. திரை விலகும் நாளில் கூட்டம் நெருக்கித் தள்ளுகிறது, நாள்தோறும் எரியும் அடுப்பை எட்டிப் பார்ப்பவர்கள் அதைவிடக் குறைவு என்பது வேறு விஷயம்.

பசி தீர்ப்பது சமூக சேவைதானே? அதில் புனிதத்துக்கு என்ன வேலை?

இந்தக் கேள்விக்கு அவரே ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற உரைநடை நூலில் விரிவாக விடை சொல்லியிருக்கிறார். பசித்தவரைப் பார்த்து ஐயோ பாவம் என்று நகர்ந்துவிடாமல், பசி ஒரு மனித உடலுக்குள் என்னவெல்லாம் செய்கிறது என்பதை உறுப்பு உறுப்பாக அவர் அதில் எழுதுகிறார். அறிவு விளக்கமில்லாமல் மயங்குகிறது, கண் பஞ்சடைந்து குழிந்துபோகிறது, காது அடைத்துக்கொள்கிறது, நா உலர்ந்து வறள்கிறது, கைகால் துவள்கின்றன, பேச்சு குளறுகிறது என்று நீளும் அந்தப் பட்டியலை ஒரு மருத்துவக் குறிப்பைப் போலப் படிக்கலாம். பிறகு சோறு உள்ளே போனதும் அதே உடலில் என்ன நடக்கிறது, முகம் எப்படி மலர்கிறது, உள்ளே எப்படி ஒரு விளக்கம் உண்டாகிறது என்பதையும் அதே நிதானத்தோடு சொல்கிறார்.

அவரைப் பொறுத்தவரை கடவுள் விளக்கம் என்பது அந்த மலர்ச்சியில்தான் கண்ணுக்குத் தெரியும்படி வெளிப்படுகிறது. ஆகவே உண்டு முடித்தவரின் முகத்தைப் பார்ப்பதே ஒரு தரிசனம். அவருடைய இறையியலை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். ஆனால் இங்கே கருணைக்கு முன்னால் கவனம் வந்து நிற்பதைப் பாருங்கள். குழிந்த கண்ணையும் உலர்ந்த நாவையும் இவ்வளவு கூர்மையாகப் பார்த்த ஒருவரால் அதன்பின் சும்மா இருக்க முடியாது. உணவுப் பொட்டலத்தைக் கொடுக்கும்போது வாங்குபவரின் முகத்தைப் பார்க்காமல் கைப்பேசிக்கு முகம் காட்டுகிற இன்றைய வழக்கத்தில் பொட்டலம் போய்ச் சேர்கிறது, பசி குறைகிறது, அது நல்லதுதான். ஆனால் கொடுத்தவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய பாதி அவருக்குக் கிடைக்காமலே போகிறது.

செடியும் உயிர்தானே? அதை உண்பது மட்டும் சரியா?

இதையும் அந்த நூலே எழுப்பிக்கொள்கிறது. நெல், மரம் முதலியவற்றுக்கும் உயிர் உண்டு என்பதை ஒப்புக்கொண்டு, வித்து, காய், கனி, தழை ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொள்வது நகத்தையும் மயிரையும் களைவது போன்றது, அங்கே கொலை நேர்வதில்லை என்று வள்ளலார் விளக்குகிறார். இன்றைய தாவரவியல் இதற்கு முழுச் சம்மதம் தராது. ஆனாலும் தட்டிலிருக்கும் ஒவ்வொன்றும் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்று ஒரு கணம் கேட்டுக்கொள்ளும் பழக்கத்துக்கு இது நல்ல தொடக்கம்.

எனக்கு இரக்கமே எழுவதில்லை. வருத்தப்படுகிறவரைப் பார்த்தாலும் மனம் மரத்துப்போய்த்தான் இருக்கிறது. நான் கெட்டவனா?

அப்படி முடிவுகட்ட வேண்டாம். இரக்கம் தோன்றாதவரை வள்ளலார் கல்நெஞ்சர் என்று ஒதுக்கிவிடுவதில்லை. அறிவாகிய கண் ஒளி மழுங்கியிருக்கிறது, அதற்குத் துணையாக வைத்த மனம் முதலிய கண்ணாடிகளும் தடித்துப்போயிருக்கின்றன, ஆகவே எதிரில் இருக்கும் உறவு தெரியவில்லை என்கிறார். குற்றம் நெஞ்சில் இல்லை, பார்வையில் இருக்கிறது என்றால் செய்ய வேண்டியதும் மாறிவிடுகிறது. இரக்கத்தை வலிந்து வரவழைக்க முயல வேண்டாம். பார்ப்பதை மட்டும் பழகலாம். நாள்தோறும் நீங்கள் கடந்துபோகும் ஒருவரை, தெருவைக் கூட்டும் தூய்மைப் பணியாளரையோ அடுக்ககத்துக் காவலாளியையோ, சற்று நின்று பாருங்கள். அவர் எத்தனை மணிக்கு வருகிறார், மதியம் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார், மழை பெய்தால் எங்கே ஒதுங்குகிறார் என்பவை தெரிந்துவிட்ட பிறகு அவரிடம் பேச வேண்டியது என்ன என்பது தானாகவே தெரியவரும். ஆனால் எதன் மீதும் பிடிப்பில்லாத நிலை வாரக்கணக்கில் நீடித்து, தூக்கமும் பசியும் கெட்டிருந்தால், அதற்கு மருத்துவரைப் பார்ப்பதே முறை. அதை ஆன்மிகக் குறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இயற்கையை ரசித்தால் போதாதா? கருணையை ஏன் அதனோடு சேர்க்கிறீர்கள்?

ரசனை மட்டும் இருந்தால் அது நமக்குத் தோதான நேரத்தில் தொடங்கி, தோதான நேரத்தில் முடிந்துவிடுகிறது. சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூருக்கு அருகில் வேட்டங்குடிப்பட்டி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி என்ற ஊர்களின் கண்மாய்களில் நாரைகளும் கொக்குகளும் அரிவாள்மூக்கன்களும் வந்து கூடு கட்டுகின்றன. 1977-இல் அந்தக் கண்மாய்கள் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. பறவைகள் வந்து சேரும் பருவத்தில்தான் தீபாவளியும் வருகிறது. கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும்கூட வெடிச் சத்தம் கிடையாது. குஞ்சுகள் மிரளும், தாய்ப்பறவைகள் கூட்டை விட்டுப் போய்விடும் என்பதே காரணம்.

அந்த ஊரில் பிறந்த ஒரு பையனை நினைத்துப் பாருங்கள். பக்கத்து ஊரில் சரவெடி முழங்கும் சத்தம் காதில் விழுகிறது. அவன் கையில் வெடி இல்லை. சுள்ளிகளின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு நாரைக்காக அவன் ஒரு பண்டிகையின் சத்தத்தை விட்டுக்கொடுத்திருக்கிறான். வனத்துறையினர் தீபாவளிக்கு அந்த ஊராருக்கு இனிப்பு கொடுத்துப் பாராட்டுவதுண்டு. அந்த நாரையைப் பற்றி அவனுக்கு இருக்கும் அறிவு, அதைப் படமெடுக்க வந்துபோகும் நமக்கு வருவது கடினம். விட்டுக்கொடுத்ததால் அது அவனுடையதாகிவிட்டது.

லாபம் கருதிக் காப்பதும் கருணையாகுமா?

வேடந்தாங்கலை நினைத்து இக்கேள்வியைப் பலர் கேட்கிறார்கள். ஏரியில் நிற்கும் நீர்க்கடம்ப மரங்களில் ஆயிரக்கணக்கான பறவைகள் தங்குகின்றன. அவற்றின் எச்சம் விழுந்த தண்ணீரில் தழைச்சத்து சேர்கிறது. அந்தத் தண்ணீர் பாய்ந்த வயல்களுக்கு எருத் தேவை குறைகிறது. இது அங்குள்ள உழவர்களுக்குக் காலங்காலமாகத் தெரிந்த கணக்கு. ஆங்கிலேயச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுவதைத் தடுக்கக் கோரி அவர்கள் முறையிட்டதன் பேரில், 1798-இல் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு எழுதிக்கொடுத்தார். 1858-இல் அந்த உரிமை மறுபடி உறுதிசெய்யப்பட்டது.

இதில் பயன் இருக்கிறது, ஐயமில்லை. ஆனால் பயன் ஒன்றே காரணமாக இருந்திருந்தால், யூரியா மூட்டை கைக்கு எட்டிய நாளில் பறவைகள் கைவிடப்பட்டிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. வயலுக்கு எரு தருகிறது என்று காக்கத் தொடங்கி, தலைமுறைகள் கடந்தபின், ஊருக்கு வந்த விருந்தாளி என்று காப்பதில் போய் முடிந்திருக்கிறது. அன்பு பெரும்பாலும் இப்படித்தான் வளர்கிறது என்பது என் கணிப்பு. கைம்மாறு கருதாத தூய கருணைதான் வேண்டும் என்று காத்திருப்பவர் கடைசிவரை எதையும் தொடங்க மாட்டார்.

கோயில்காடுகளைக் காத்தது பக்தியா, பயமா?

பெரும்பாலும் பயம். அதை ஒளிக்க வேண்டியதில்லை. ஐயனார் காட்டில் கிளை ஒடித்தால் கண் போகும், விறகு கொண்டுபோனால் வீட்டில் ஆகாதது நடக்கும் என்ற சொல்வழக்குகள் இல்லாமல் அந்தக் காடுகள் இவ்வளவு காலம் தப்பியிருக்க முடியாது. விழுப்புரம் மாவட்டத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியுள்ள கீழ்ப்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலைச் சுற்றியிருக்கும் காடு இதற்குக் கண்கண்ட சான்று. சோழமண்டலக் கரையில் ஒரு காலத்தில் பரவிக்கிடந்த உலர் பசுமைமாறாக் காடு இன்று துண்டு துண்டாகவே எஞ்சியிருக்கிறது. அத்துண்டுகளில் பல, கோயிலை ஒட்டி இருப்பவை.

இத்தகைய காட்டுக்குள் வெயில் நேரத்தில் நுழைந்தால் முதலில் உணர்வது பாதம்தான். செருப்பில்லாத காலுக்குக் கீழே வெளியில் சுட்ட மணல் உள்ளே போகப் போகக் குளிர்கிறது. மக்கிய சருகு அடுக்கு மெத்தென்று அமுங்குகிறது. வீரையும் பாலையும் காசானும் தலைக்குமேல் ஒன்றோடொன்று கோத்து நிற்க, தொடை பருமனுள்ள கொடிகள் மரத்துக்கு மரம் தாவியிருக்கும். மண்பாண்டம் செய்யும் வேளார் வனைந்து வைத்த மண்குதிரைகளில் பழையவை காலொடிந்து, பாசி பிடித்து, பாதி மண்ணோடு மண்ணாகியிருக்கும்; அவற்றை யாரும் அப்புறப்படுத்துவதில்லை. விழுந்த சுள்ளியைப் பொறுக்கி அங்கேயே பொங்கல் வைக்கலாம், வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது என்பது பல ஊர்களில் உள்ள விதி.

பயத்துக்கு ஒரு குறை உண்டு. சாமிக்குப் பயந்தவர்கள் சாமியின் இருப்பிடம் மாறியதும் காட்டை மறந்துவிடுகிறார்கள். மரத்தடியில் வெட்டவெளியில் இருந்த ஐயனாருக்குக் காங்கிரீட் மண்டபமும் டைல்ஸ் தரையும் வந்து, குடமுழுக்குக்குப் பந்தல் போடவும் வண்டி நிறுத்தவும் இடம் தேவைப்பட்டதும், அதுவரை சாமியின் வீடாக இருந்த மரங்கள் இடைஞ்சலாகிவிடுகின்றன. பக்தி கூடியிருக்கிறது, காடு குறைந்திருக்கிறது. ஆகவே பயத்தோடு மரங்களின் பெயரும், அவற்றில் கூடு கட்டும் பறவைகளின் பெயரும், காட்டுக்குள் ஊறும் சுனையின் கணக்கும் ஊராருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மதுரை அரிட்டாபட்டியில் அது நடந்தது. சமணர் படுகைகளும் தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துக் கல்வெட்டும் உள்ள அந்த மலைகளில் தேவாங்கும் அழுங்கு என்னும் எறும்புதின்னியும் வல்லூறுகளும் வாழ்கின்றன, 193.42 ஹெக்டேர் நிலம் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024-இல் அப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டபோது மக்கள் மலையையும் கோயில்களையும் நீர்நிலைகளையும் பிரிக்காமல் சேர்த்தே பேசிப் போராடினார்கள். 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது.

நான் நகரத்து அடுக்ககத்தில் இருக்கிறேன். எனக்கு எந்தக் காடு இருக்கிறது?

வாசல் இருக்கிறதல்லவா? பச்சரிசி மாவில் கோலம் போட்டுவிட்டு உடனே உள்ளே போய்விடாமல் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்து பாருங்கள். முதலில் ஒற்றை எறும்பு புள்ளியைச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போகும். சற்று நேரத்தில் சுவரோரத்திலிருந்து ஒரு வரிசை புறப்பட்டு வரும். இழையின் ஓரத்திலிருந்து மாவு குறையத் தொடங்கி, வெயில் ஏறும்போது கோலத்தின் ஒரு மூலை அழிந்திருக்கும். கடையில் கோலமாவு என்று விற்கும் வெள்ளைக் கல்பொடியில் இது நடக்காது. கோலம் மாலைவரை அழியாமல் இருக்கும், அவ்வளவுதான். வாசலே இல்லாத வீடுகளுக்கு மாடிச்சுவர் போதும். ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்தால் கோடையில் மைனாவும் புல்புல்லும் காகமும் அணிலும் வந்துவிடும். தண்ணீரைத் தினமும் கொட்டிச் சட்டியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க வெயில் காலத்தில் ஒரு வாரம் பத்து நாள் போதும்.

எந்த விலங்குக்கும் உணவு கொடுக்கலாமா?

கூடாது. கவனமில்லாத கருணை கெடுதலில் முடிவதற்கு இதைவிடத் தெளிவான இடம் இல்லை. மலைப்பாதைகளில் வண்டியை நிறுத்திக் குரங்குகளுக்குச் சிப்ஸும் பிஸ்கட்டும் போடுவதால் அவை காட்டுக்குள் இரை தேடுவதை விட்டுச் சாலையோரம் குடியேறி, வண்டிகளில் அடிபட்டுச் சாகின்றன, மனிதர்களைக் கடிக்கவும் பழகுகின்றன. மாடிகளில் மூட்டை மூட்டையாகத் தானியம் கொட்டிப் புறாக்களைப் பெருக்குவதும் இப்படித்தான். உலர்ந்த புறா எச்சத்தின் தூசி மூச்சுக்குழலுக்குக் கேடு. தெருநாய்க்குச் சோறு வைப்பவர், அதற்கு வெறிநாய்த் தடுப்பூசியும் கருத்தடையும் நடக்கும்படி மாநகராட்சியிடம் சொல்லி ஏற்பாடு செய்தால்தான் அந்தச் சோற்றுக்குப் பொருள் உண்டு. காட்டு விலங்குக்கு நாம் தரக்கூடிய பெரிய தானம், அதன் வழியிலிருந்து விலகிக்கொள்வதுதான்.

கவனத்தைப் பழக எளிய பயிற்சி ஏதாவது உண்டா?

ஒரு மரத்தை ஓராண்டு பாருங்கள். நாள்தோறும் நீங்கள் கடக்கும் மரமாக இருந்தால் போதும், அரிய மரமாக இருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டுத் தெருக்களில் புங்கம் எங்கும் உண்டு. மாசி வாக்கில் அது மொட்டையாகி நிற்கும். பட்டுப்போய்விட்டது என்று எண்ணும்போதே சில நாட்களில் எண்ணெய் தடவியதுபோல் மினுக்கும் தளிர் அடர்ந்துவிடும். பிறகு வெளிறிய ஊதாப் பூக்கள் உதிர்ந்து கீழே நிற்கும் வண்டிகளை மூடும். வேம்பு பங்குனி சித்திரையில் பூக்கிறது, அந்தப் பூதான் புத்தாண்டுப் பச்சடிக்கு வருகிறது. காகம் கூடு கட்டும் நாட்களில் குயில் ஓயாமல் கூவுவதற்கும் காகத்தின் கூட்டில் அது முட்டையிடுவதற்கும் உள்ள தொடர்பை உங்கள் மரத்திலேயே காணலாம். சித்திரையில் வேப்பம்பூ எந்தக் கிளையில் முதலில் வந்தது என்று சொல்லத் தெரிந்தவர், அந்த மரத்தை மின்கம்பிக்காக மொட்டையடிக்க வரும்போது கட்டாயம் கீழே இறங்கி வந்து பேசுவார்.

இதனால் உடலுக்கு நன்மை உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறதா?

ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் 1984-இல் வெளியிட்ட ஆய்வு பலராலும் எடுத்துக்காட்டப்படுகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களில், சன்னல் வழியே மரங்கள் தெரிந்த அறையில் இருந்த 23 பேரையும் செங்கல் சுவர் மட்டுமே தெரிந்த அறையில் இருந்த 23 பேரையும் அவர் ஒப்பிட்டார். மரம் தெரிந்தவர்கள் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள், அவர்களுக்குக் கடுமையான வலிமருந்தும் குறைவாகத் தேவைப்பட்டது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் சிந்திக்க வைப்பது. நன்மைக்காக மட்டும் மரத்தைப் பார்ப்பதாக இருந்தால் சீக்கிரம் சலித்துவிடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்கு இது பொருந்துமா?

பொருந்தும். மேலே சொன்னவற்றில் சன்னிதி தேவைப்படுவது மிகச் சிலவற்றுக்கே. புனிதம் என்ற சொல் உறுத்தினால் மதிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். நாரைக்கு இரண்டும் ஒன்றுதான்.

புலால் உண்பவர் இந்த வழியில் வரலாமா?

வள்ளலார் இதில் வளைந்துகொடுக்கவில்லை. கொலையும் புலாலும் தவிர்த்தவரை அக இனத்தார் என்றும் மற்றவரைப் புற இனத்தார் என்றும் பிரித்தார். ஞானசபைக்குள் நுழையவும் அதையே தகுதியாக வைத்தார். ஆனால் பசி என்று வந்தால் அந்தப் பிரிவு செல்லாது, புற இனத்தாரின் பசியையும் தீர்த்தாக வேண்டும் என்றார். கடலோரத்திலும் மேய்ச்சல் நிலத்திலும் தலைமுறைகளாக வாழ்பவர்களிடம் புலால் மறுப்பை முதல் படியாக வைப்பது சரியில்லை என்பது என் எண்ணம். அவர்களுக்குத் தெரிந்த கடலும் ஆடும் மாடும் சைவ உணவுக்காரர் பலருக்குத் தெரியாதவை. தட்டில் இருப்பது ஒரு காலத்தில் ஓர் உயிர் என்பதை மறக்காமல், வீணாக்காமல், தேவைக்கு மேல் கொல்லாமல் இருப்பதிலிருந்து தொடங்கலாம். அது எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பது அவரவர் பாடு.

எல்லோருடைய துன்பத்தையும் கவனித்தால் நான் களைத்துப்போக மாட்டேனா?

கைப்பேசியில் உலகத்துத் துன்பம் முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தால் கட்டாயம் களைத்துப்போவீர்கள். அங்கே பார்க்க மட்டுமே முடிகிறது, செய்ய ஒன்றுமில்லை. தாய், தகப்பன், மனைவி, மக்களைப் பட்டினி போட்டுவிட்டுப் பிறர் பசியைத் தீர்க்கப் புறப்படுவது கடவுளுக்குச் சம்மதமல்ல என்பது வள்ளலாரின் நெறி. அவரவர் தரத்துக்குத் தக்கபடி செய்தால் போதும் என்ற அளவும் அதில் உண்டு. வீட்டில் முதியவர் ஒருவரைப் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொள்பவர் ஊர்ப் பசியைப் பற்றிக் குற்றவுணர்ச்சி கொள்ள வேண்டியதில்லை. அவருடைய தருமச்சாலை அந்தக் கட்டிலருகே நடந்துகொண்டிருக்கிறது. அவருக்குத் தேவை அரைநாள் மாற்றாள். அந்த அரைநாளைத் தர முன்வருவது அக்கம்பக்கத்தார் செய்யக்கூடிய ஜீவகாருண்யம்.

பிள்ளைகளுக்கு எப்படிப் பழக்குவது?

உபதேசத்தால் அல்ல. காக்கைக்குச் சோறு வைக்கும் வேலையையும், பறவைச் சட்டி கழுவும் வேலையையும் அவர்களிடம் கொடுத்துவிட்டு, மறந்தால் நினைவூட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நற்றிணையின் 172-ஆம் பாடலில், விளையாட்டாக மணலில் அழுத்திய புன்னை விதை முளைத்துவிட, தலைவி அதற்கு நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கிறாள். அது உன்னைவிடச் சிறந்தது, உன் தங்கை என்று தாய் சொன்னதால், அந்த மரத்தடியில் காதலனோடு சிரித்துப் பேச அவள் வெட்கப்படுவதாக வருகிறது. அந்தத் தாய் செய்தது ஒரே காரியம்: மகள் வளர்த்த மரத்துக்கு ஓர் உறவுமுறை கொடுத்தாள்.

இவற்றை நேரில் பார்க்கப் போகலாமா?

போகலாம். வேடந்தாங்கலில் நவம்பர் முதல் மார்ச் வரை பறவைகள் நிறைந்திருக்கும். ஏரியில் நீர் இல்லாத ஆண்டில் அவை வருவதில்லை, ஆகவே விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். சத்தம் போடாமல், பளிச்சென்ற நிறத்தைத் தவிர்த்த உடையில், காலை வெயில் ஏறுமுன் போவது நல்லது. கோயில்காடுகளில் ஊரார் போகச் சொல்லும் பாதையிலேயே போங்கள். கற்பூரம் கொளுத்தினால் சருகில் பொறி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொண்டுபோன பிளாஸ்டிக் பையைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். வடலூருக்குத் தைப்பூசத்தன்று போனால் கூட்டத்தைத்தான் பார்க்க முடியும். சாதாரண நாளில் போய், தருமச்சாலைப் பந்தியில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுங்கள். அரிசியோ காய்கறியோ கொண்டுபோனால் அங்கேயே வாங்கிக்கொள்வார்கள்.